அடித்தவர் மேலா, விசில் ஊதியவர் மேலா, ஆட்டத்தை நடத்தியவர் மேலா?

விளையாட்டில் அடிபட்டவர் வழக்கு என்று வாயைத் திறந்தாலே முதலில் காதில் விழுவது "தெரிஞ்சுதானே இறங்கினே" என்பதுதான். வீட்டில் அதைத்தான் சொல்வார்கள், டீமில் கூட ஆடுபவர்களும் அதைத்தான் சொல்வார்கள், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீலும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கொஞ்சம் நல்ல வார்த்தைகளில் அதையேதான் சொல்வார். அதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி யார் பக்கம் போகிறது என்று பார்த்தால்தான் வழக்குப் போடுவதா, போட்டால் யார் மேல் போடுவது என்று முடிவெடுக்க முடியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிடிக்காதவர்கள் இங்கேயே சண்டைக்கு வரலாம்: அடித்தவரைத் தேடிப்போய் வழக்குப் போடுவது பெரும்பாலும் இருப்பதிலேயே மோசமான வழி. ஆட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் எங்கே கோட்டை விட்டார் என்று தேடுவதுதான் உருப்படியான வழி. வழக்குகள் நிறைய நடந்து தீர்ப்புகளும் வந்திருப்பது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான். லண்டனிலோ டொராண்டோவிலோ ஞாயிற்றுக்கிழமை லீக் ஆடுகிற நம்மவர்களுக்கு இது நேரடியாகவே பொருந்தும்.

முதலில் அந்தப் பாதி நியாயம். நம் ஊர்ச் சட்டத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 87-ஆவது பிரிவு, இப்போது 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 25-ஆவது பிரிவு. இரண்டு பேர் பொழுதுபோக்குக்காக வாள்வீச்சு ஆட ஒத்துக்கொள்கிறார்கள், நேர்மையாக ஆடும்போது ஒருவருக்குக் காயம் பட்டால் மற்றவர் மேல் குற்றம் இல்லை என்று அந்தப் பிரிவே விளக்கம் கொடுக்கிறது. ஆனால் அதிலேயே கொக்கிகளும் இருக்கின்றன. கள்ள ஆட்டம் ஆடியிருக்கக் கூடாது, சாவோ கொடுங்காயமோ வரும் என்று தெரிந்து செய்திருக்கக் கூடாது, ஒத்துக்கொண்டவருக்குப் பதினெட்டு வயது தாண்டியிருக்க வேண்டும். நஷ்டஈட்டு வழக்குகளிலும் ஏறக்குறைய இதே எண்ணம்தான் ஓடுகிறது. மைதானத்தில் இறங்குகிறவர் அந்த ஆட்டத்துக்கே உரிய அடியை ஏற்றுக்கொள்கிறார், அவசரத்தில் நடக்கிற சாதாரண ஃபவுலையும் சேர்த்து. 2014 நவம்பரில் சிட்னி மைதானத்தில் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் ஃபிலிப் ஹியூஸ் கழுத்தில் பவுன்சர் பட்டு இறந்தபோது விசாரித்த கொரோனர், அதாவது மரண விசாரணை அதிகாரி, 2016-இல் யார் மேலும் பழி இல்லை என்றுதான் முடித்தார். பவுன்சர் ஆட்டத்தின் பகுதி, யாரும் அங்கே வேறு ஆட்டம் ஆடவில்லை.

சரி, இனி வழிகள்.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது உதைத்தவர் மேலேயே வழக்கு. இங்கிலாந்தில் இதற்கு வக்கீல்கள் எப்போதும் எடுத்துக் காட்டுவது லீமிங்டன் உள்ளூர் லீக் கால்பந்து வழக்கு, மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985-இல் தீர்த்தது. பந்தோடு வந்தவர் பந்தைத் தட்டிவிட்டார், எதிராளி ஒரு கணம் தாமதமாக, பூட்ஸின் ஸ்டட் தெரிய, தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் காலைத் தூக்கியபடி சறுக்கிக்கொண்டு வந்தார். கால் உடைந்தது, ரெஃபரி அவரை மைதானத்தை விட்டு வெளியேற்றினார். வேண்டுமென்றே செய்ததாக நீதிபதி சொல்லவில்லை, ஆனால் கண்மூடித்தனமான, ஆபத்தான டேக்கிள் என்றார். வழக்கு ஜெயித்தது. கிடைத்தது 4,900 பவுண்ட். அன்றைய மதிப்பில் ஒன்றுமில்லாத தொகை அல்ல, ஆனால் சம்பவம் நடந்தது 1980-இல், ஐந்து வருஷம் ஓடியிருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, ரெஃபரி தன் கண்ணால் பார்த்துச் சொன்னதுதான் வழக்கைத் தாங்கிப் பிடித்தது. அதற்காகச் சிவப்பு அட்டை வந்தால் வழக்கும் தானாக ஜெயிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். விதியை மீறுவது வேறு, சட்டத்தின் கண்ணில் அஜாக்கிரதையாக நடப்பது வேறு.

அமெரிக்காவில், குறிப்பாகக் கலிஃபோர்னியாவில், இந்தக் கதவு இன்னும் குறுகல். 1987 சூப்பர் பௌல், அதாவது அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி அன்று, இடைவேளையில் நண்பர்கள் சும்மா ஒரு டச் ஃபுட்பால் ஆடுகிறார்கள், பிடித்துத் தள்ளாமல் தொட்டாலே போதும் என்கிற ஆட்டம். முரட்டுத்தனமாக ஆடாதே என்று ஒரு பெண் சொல்லியும் கேட்காமல் ஒருவர் மேலே வந்து மோதிக் கையை மிதிக்க, அந்தப் பெண்ணின் சுண்டுவிரல் நசுங்குகிறது. மூன்று ஆபரேஷன் செய்தும் சரியாகாமல் கடைசியில் விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. மாநில உச்ச நீதிமன்றம் 1992-இல் சொன்னது இதுதான்: கூட ஆடுகிறவர் வேண்டுமென்றே காயப்படுத்தினாலோ, அந்த ஆட்டத்துக்கே சம்பந்தமில்லாத அளவு வெறித்தனமாக நடந்தாலோதான் பொறுப்பு, வெறும் கவனக்குறைவுக்கு இல்லை. விரல் போனதுதான் மிச்சம். கொடுமை என்று தோன்றும், ஆனால் அந்த நீதிமன்றம் யோசித்ததிலும் அர்த்தம் இருக்கிறது. ஒவ்வொரு மோதலுக்கும் வழக்கு வருமென்றால் யாரும் முழு வேகத்தில் ஓடிவந்து பந்தை எடுக்க மாட்டார்கள்.

இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத சிக்கல் ஒன்று உண்டு. தனி ஆள் மேல் தீர்ப்பு வாங்கினால் பணம் எங்கிருந்து வரும்? அவருக்குப் பின்னால் இன்ஷூரன்ஸ் இருந்தால்தான். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் வேண்டுமென்றே செய்த அடிக்குப் பணம் தராது. ஆக அவர் எவ்வளவு மோசமாக நடந்தாரோ அவ்வளவுக்கு உங்கள் வழக்கு பலமாகும், அதே அளவுக்குப் பணம் கிடைக்கிற வாய்ப்பும் சுருங்கும். தீர்ப்பை ஃப்ரேம் போட்டு மாட்டி வைத்துக்கொள்ளலாம்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கே இது எளிதாக இல்லை. 2004 மார்ச் 8 அன்று வான்கூவரில் நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் டாட் பெர்டூஸி பின்னாலிருந்து குத்தி விழுத்தியதில் ஸ்டீவ் மூரின் கழுத்தெலும்புகள் முறிந்தன. அதோடு அவர் ஆட்டம் முடிந்தது. பெர்டூஸி குற்றத்தை ஒத்துக்கொண்டார், ஆட்டத்தை நாடே டிவியில் பார்த்தது, சாட்சிக்குப் பஞ்சமே இல்லை. அப்படியும் கொலராடோவில் போட்ட வழக்கு தள்ளுபடியாகி, ஒன்டாரியோவில் மறுபடி போட்டு, 2014 ஆகஸ்டில்தான் ரகசியத் தொகைக்குச் சமரசம் ஆனது. பத்து வருஷம்.

அதனால் அடித்தவர் சம்பளத்துக்கு ஆடுகிறவர் என்றால் அவரை விட்டுவிட்டு அவருடைய கிளப்பைப் பிடிப்பது எவ்வளவோ மேல். வேலையாள் வேலை நேரத்தில் செய்த தப்புக்கு முதலாளி பொறுப்பு என்கிற பழைய விதிதான். 1977 டிசம்பரில் கூடைப்பந்து ஆட்டத்தில் கெர்மிட் வாஷிங்டன் விட்ட ஒரே குத்தில் ரூடி டோம்யானோவிச்சின் முகமே உடைந்து மண்டையிலிருந்து முதுகுத்தண்டுத் திரவம் கசிந்தது. அவர் வாஷிங்டன் மேல் வழக்குப் போடவில்லை, வாஷிங்டன் ஆடிய லேக்கர்ஸ் அணியை வைத்திருந்த நிறுவனத்தின் மேல் போட்டார். 1979-இல் ஹூஸ்டன் ஜூரி அவர் கேட்டதைவிட அதிகமாக, 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. பிறகு மேல்முறையீட்டில் சமரசம் ஆனது. இங்கிலாந்தில் ரெட்ரூத் ரக்பி கிளப் வழக்கில், ஆடுகிறவர் பகுதிநேர ஒப்பந்தக்காரராக இருந்தாலும், ஸ்க்ரம் (இரண்டு அணியும் குனிந்து முட்டித் தள்ளுவது) கலைந்தபின் நடந்த கைகலப்பில் அவர் விட்ட குத்துக்கு கிளப்தான் பொறுப்பு என்று 2008-இல் தீர்ப்பானது. அதே வருஷம் மான்செஸ்டர் யுனைட்டெட் இளம் ஆட்டக்காரர் ஒருவருக்கு, 2003-இல் மிடில்ஸ்பரோ ரிசர்வ் அணிக்காரர் போட்ட டேக்கிளில் கால் இரண்டு இடத்தில் உடைந்ததற்கு, 43 லட்சம் பவுண்ட் கிடைத்தது. மிடில்ஸ்பரோ தவற்றை ஒத்துக்கொண்டுவிட்டதால் சண்டையெல்லாம் தொகையைப் பற்றித்தான்: பையன் ஆடிக்கொண்டே இருந்திருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பான்? அதைச் சொல்ல மான்செஸ்டர் யுனைட்டெடின் அப்போதைய மேனேஜர் சர் அலெக்ஸ் ஃபெர்குசனே சாட்சிக்கு வந்தார்.

4,900-க்கும் 43 லட்சத்துக்கும் நடுவே இருப்பது காயத்தின் வித்தியாசம் அல்ல, இரண்டிலும் கால்தான் உடைந்தது. இழந்த சம்பளம்தான் வித்தியாசம். பொழுதுபோக்குக்கு ஆடுகிறவருக்கு இந்த இரண்டாவது கணக்கு பெரும்பாலும் கிடையாது. இழப்பதெல்லாம் ஆபீஸ் சம்பளம் சில மாதம், அவ்வளவுதான்.

அடுத்து ரெஃபரி. இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் "தெரிஞ்சுதானே இறங்கினே" என்கிற வாதம் இங்கேதான் உடைந்து போகிறது.

1991 அக்டோபர், இங்கிலாந்தில் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ரக்பி, சட்டன் கோல்ட்ஃபீல்டும் பர்டனும் மோதுகின்றன. ஸ்க்ரம் பார்த்திருப்பீர்கள், எட்டு எட்டுப் பேர் தலையைக் குனிந்து தோளோடு தோள் முட்டிக்கொண்டு பந்துக்குத் தள்ளுவார்கள். முன்வரிசையின் நடுவில் இருக்கும் ஹூக்கரின் இரண்டு கையும் பக்கத்து ஆட்களைப் பிடித்தபடி இருக்கும், ஸ்க்ரம் சரிந்தால் தலைதான் முதலில் தரையில் மோதும். அதனால்தான் சின்னப் பையன்கள் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் குனிந்து, தொட்டு, நிதானித்து, அப்புறம்தான் முட்ட வேண்டும் என்று தனி விதியே கொண்டுவந்திருந்தார்கள். அன்று அந்த ரெஃபரி இந்த வரிசையை அமல்படுத்தவில்லை. ஓர் ஆட்டத்தில் ஐந்தாறு ஸ்க்ரம் சரிவது சகஜம், அன்று இருபதுக்கு மேல் சரிந்தது. யாருக்காவது அடிபடப்போகிறது என்ற எச்சரிக்கையும் வந்தது. கடைசியில் ஒரு சரிவில் பதினேழு வயது ஹூக்கரின் கழுத்து முறிந்து கைகால் செயலிழந்தது.

அந்தப் பையன் தரப்பு போட்ட ஒரே வழக்கில் எதிர் அணி முன்வரிசைக்காரர் ஒருவரும் ரெஃபரியும் பிரதிவாதிகள். இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்த மாதிரி. ஆட்டக்காரர் மேலான வழக்கு தள்ளுபடி, ரெஃபரி மேலான வழக்கு ஜெயித்தது. 1996 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முன்வரிசையில் ஆட ஒத்துக்கொண்ட பையன் ஸ்க்ரமின் வழக்கமான ஆபத்தை ஏற்றுக்கொண்டான்தான், ஆனால் அவனைக் காப்பதற்கென்றே இருக்கும் விதியை ரெஃபரி கண்டுகொள்ளாமல் விடுவதற்கு அவன் எப்போது சம்மதித்தான்?

அவன் மைனர் என்பதால்தான் அப்படி என்று அப்போது பலரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அதற்கும் 2003-இல் பதில் வந்தது. 1998-இல் வேல்ஸில் லான்ஹாரனும் டோண்டுவும் ஆடிய பெரியவர்கள் அமெச்சூர் ஆட்டம். லான்ஹாரனின் முன்வரிசை ஆள் ஒருவர் தோள் விலகி வெளியேறுகிறார், பயிற்சி பெற்ற மாற்று ஆள் இல்லை. விதிப்படி, தள்ளுமுள்ளு இல்லாமல் பேருக்கு ஸ்க்ரம் வைத்து ஆட்டத்தை முடிக்க வேண்டும். ஆனால் அப்படிச் செய்தால் லீக் புள்ளி போய்விடும். ரெஃபரி முடிவை லான்ஹாரன் அணியிடமே விட்டார், அவர்களும் முன்வரிசை பழக்கமில்லாத ஒருவரை நிறுத்திச் சமாளித்தார்கள், கடைசி நிமிஷ ஸ்க்ரம் ஒன்றில் அவர்களுடைய ஹூக்கரே வாழ்நாளுக்கும் சக்கர நாற்காலிக்குப் போனார். கேப்டன் சரி என்றாலும் முடிவெடுக்க வேண்டியவர் ரெஃபரிதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணம் கொடுக்க வேண்டியது அந்தத் தனி மனிதர் அல்ல, அவருக்குப் பின்னால் இருந்த வெல்ஷ் ரக்பி யூனியன்.

இதைப் படித்ததும் ரெஃபரி பாவம் என்றுதான் எனக்கும் தோன்றியது. சனிக்கிழமை மழையில் நனைந்துகொண்டு, இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு, சம்பளமே இல்லாமல் விசில் ஊதுகிற ஆளை நீதிமன்றத்தில் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்? ஆனால் தீர்ப்புகளைப் பார்த்தால் நீதிமன்றங்கள் அவ்வளவு லேசாக ரெஃபரியைப் பிடிப்பதில்லை என்பது தெரிகிறது. ஒரு கணத்தில் தப்பாக விசில் ஊதினார், ஆஃப்சைடைப் பார்க்கவில்லை என்பதெல்லாம் நிற்காது. யோசிக்க நேரம் இருந்தும், கையில் தெளிவான பாதுகாப்பு விதி இருந்தும், அதை விட்டுவிட்டார் என்றால்தான். நம் ஊர் டென்னிஸ் பால் மேட்ச் அம்பயர்கள் பயப்பட ஒன்றுமில்லை, எல்பிடபிள்யூ கொடுக்காததற்கு யாரும் நஷ்டஈடு கேட்க முடியாது.

இனி வாரியம், அமைப்பு, ஆட்டத்தை நடத்துகிறவர்கள். என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் பலமான வழி, அதை நிரூபித்தவர் மைக்கேல் வாட்சன்.

1991 செப்டம்பர் 21, லண்டன் ஒயிட் ஹார்ட் லேன் மைதானம், கிறிஸ் யூபேங்குடன் உலகப் பட்டத்துக்கான குத்துச்சண்டை. பதினொன்றாவது ரவுண்டில் வாட்சன் யூபேங்கைக் கீழே தள்ளினார், எழுந்த யூபேங்க் உடனே விட்ட அப்பர்கட்டில் வாட்சன் பின்னால் சாய்ந்து கயிற்றில் தலை மோத விழுந்தார். பன்னிரண்டாவது ரவுண்டில் சண்டையை நிறுத்தினார்கள். வாட்சன் மயங்கினார். மைதானத்தில் மருத்துவர்கள் இருந்தார்கள், ஆம்புலன்ஸும் இருந்தது, ஆனால் தலையில் அடிபட்டவருக்கு அங்கேயே மூச்சுக்குழாய் வைத்து ஆக்ஸிஜன் கொடுக்கும் ஏற்பாடு இல்லை, ஏனென்றால் பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்தின் விதிப்புத்தகம் அதைக் கேட்கவில்லை. மருத்துவர் வந்து பார்க்கவே ஏழு நிமிஷம், ஆஸ்பத்திரி போய்ச்சேரக் கிட்டத்தட்ட அரை மணி நேரம். நாற்பது நாள் கோமா, மூளையில் ஆறு ஆபரேஷன்.

வாட்சன் யூபேங்க் மேல் வழக்குப் போடவில்லை. போட்டிருந்தாலும் நின்றிருக்காது, குத்துச்சண்டையில் குத்தினார் என்று எந்த நீதிபதியிடம் போய்ச் சொல்வது. அவர் போனது வாரியத்தின் மேல். வாரியம் என்ன சொன்னது? நாங்கள் சிகிச்சை கொடுப்பவர்கள் அல்ல, விதிகள் மட்டும்தான் போடுகிறோம், லாபம் பார்க்கிற நிறுவனமும் அல்ல, இன்ஷூரன்ஸும் கிடையாது. நீதிமன்றம் அதையே திருப்பிப் போட்டது. விதி போடுவது நீங்கள், உங்கள் விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் வீரர் ரிங்கில் ஏறுகிறார், மருத்துவ ஏற்பாடு போதுமானது என்று உங்களை நம்பித்தான் ஏறுகிறார். 1999-இல் ஜெயித்தார், 2000 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார். குத்து வாங்கச் சம்மதித்தவர், குத்து வாங்கியபின் கவனிப்பாரில்லாமல் கிடக்கச் சம்மதிக்கவில்லை.

ஆனால் இங்கேயும் பணத்தில் இடி. வாரியத்துக்கு இன்ஷூரன்ஸ் இல்லை என்றது வெறும் வாதம் அல்ல, உண்மை. பத்து லட்சம் பவுண்ட் அளவில் வர வேண்டியதை, அமைப்பே திவாலாகிவிடும் என்ற நிலையில் நான்கு லட்சத்துக்கு முடித்துக்கொண்டார்கள். அதைக் கொடுக்கவே வாரியம் தன் தலைமை அலுவலகக் கட்டடத்தை விற்றது. இந்த வழிக்குப் போகிறவர் ஜெயிக்க முடியுமா என்பதற்கு முன்னால் அந்தச் சங்கத்துக்குப் பாலிசி இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று, ஏற்பாட்டில் குறை இருந்தால் மட்டும் போதாது, அந்தக் குறையால்தான் காயம் மோசமானது என்று காட்ட வேண்டும். வாட்சனுக்கு அது முடிந்தது, தாமதத்தில்தான் மூளை கெட்டது என்று நரம்பியல் மருத்துவர்கள் சொன்னார்கள். ஹியூஸ் விசாரணையிலும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதில் தாமதம் வெளியே வந்தது, ஆனால் என்ன செய்திருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று மருத்துவர்கள் கூறிவிட்டார்கள். அது வழக்கு அல்ல, மரண விசாரணைதான், ஆனாலும் வழக்காக வந்திருந்தால் அந்த ஒரு வாக்கியத்திலேயே முடிந்திருக்கும்.

ஒரே நாளில் பட்ட அடி இல்லை, பத்து வருஷமாகத் தலையில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிய அடி என்றால் தனியாகப் போவது கஷ்டம், கூட்டமாகத்தான் போக வேண்டும். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் மேல் 2011-இலிருந்து வழக்குகள் குவிந்து, 4,500-க்கும் மேற்பட்ட முன்னாள் ஆட்டக்காரர்கள் சேர்ந்தார்கள். தலையில் அடிபடும் என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் நாற்பது ஐம்பது வயதில் மனைவி பேர் மறந்துபோகும் என்று உங்களுக்குத் தெரிந்தும் எங்களிடம் மறைத்தீர்கள் என்பதுதான் அவர்கள் வாதம். தெரியாத ஆபத்தை யாராலும் ஏற்றுக்கொள்ள முடியாது என்பதால் இது பலமான வாதம். 2013-இல் 76.5 கோடி டாலருக்கு லீக் இறங்கிவந்தது, இவ்வளவு பேருக்கு இது போதுமா என்று நீதிபதி அனிட்டா பிராடி ஒத்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பினார், பிறகு உச்சவரம்பே இல்லாத ஒப்பந்தமாக 2015 ஏப்ரலில் ஏற்றார்.

அப்போது ஒவ்வொரு முன்னாள் ஆட்டக்காரர் வீட்டிலும் நடந்திருக்கும் விவாதம்தான் உண்மையான முடிவெடுப்பு: ஒப்பந்தத்துக்குள் இருப்பதா, வெளியே வந்து தனியாக வழக்காடுவதா? உள்ளே இருந்தால் தசைகளை முடக்கும் ஏஎல்எஸ் நரம்பு நோய்க்கு 50 லட்சம் டாலர் வரை, அல்ஸைமருக்கும் பார்கின்ஸனுக்கும் 35 லட்சம் வரை, லீக் செய்த தப்பை நிரூபிக்கத் தேவையே இல்லை. ஆனால் வயது கூடக் கூடத் தொகை குறையும், ஐந்து சீசனுக்குக் குறைவாக ஆடியிருந்தாலும் குறையும். அடிபட்டவர்களின் மூளையில் காணப்படும் சிடிஇ நோய்க்கோ, 2015 ஏப்ரல் 22-க்கு முன் இறந்தவர்களின் குடும்பத்துக்குத்தான் பணம், பிறகு இறந்தவர்களுக்கு இல்லை. அந்த நோயை இறந்தபின் மூளையை அறுத்துப் பார்த்தால்தான் உறுதி செய்ய முடியும் என்பதை இதோடு சேர்த்துப் படித்தால் எரிச்சல் வரும். இன்னும் அநியாயம், கறுப்பின ஆட்டக்காரர்களின் அறிவுத்திறன் ஆரம்பத்திலேயே குறைவாக இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளும் அளவுகோலை டிமென்ஷியா என்கிற மறதி நோய்ச் சோதனையில் பயன்படுத்தினார்கள். அது 2021-இல் பெரிய சண்டையாகி அப்புறம்தான் நீக்கப்பட்டது.

இவ்வளவு ஓட்டை இருந்தும் 20,000-க்கும் மேற்பட்டவர்களில் வெளியே போனவர்கள் இருநூறு பேர் அளவுதான். அதில் 2012-இல் இறந்த ஜூனியர் சேயோவின் குடும்பமும் உண்டு, அவர்கள் 2018-இல் தனியாகச் சமரசம் செய்துகொண்டார்கள். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால், நோய் ஏற்கெனவே உறுதியாகியிருந்தால், உள்ளேதான் இருந்திருப்பேன். ஏனென்றால் தொழிற்சங்க ஒப்பந்தப்படி இதெல்லாம் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும், நீதிமன்றத்துக்கு வரவே கூடாது என்ற லீகின் வாதம் தீர்க்கப்படாமல் தலைக்கு மேல் கத்தியாகத் தொங்கியது. அது ஜெயித்திருந்தால் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது. ஐஸ் ஹாக்கிக்காரர்களுக்கு நடந்ததைப் பாருங்கள். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல் மேல் போட்ட வழக்கைக் கூட்டு வழக்காக நடத்த 2018 ஜூலையில் நீதிபதி அனுமதி மறுத்தார், நவம்பரில் 318 பேருக்கு மொத்தம் 1.89 கோடி டாலரில் முடிந்தது, கையில் கிடைத்தது ஆளுக்கு 22,000 டாலர் அளவு. ஏறக்குறைய அதே மூளைக்காயம்தான். இங்கிலாந்தில் 2003 உலகக்கோப்பையை வென்ற ரக்பி அணியின் ஸ்டீவ் தாம்ப்ஸன், அந்தக் கோப்பையை வென்றதே நினைவில்லை என்கிறவர், 2020-இலிருந்து மற்ற ஆட்டக்காரர்களோடு சேர்ந்து இதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறார்.

போலீஸ் புகார் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது பணம் வாங்கும் வழி அல்ல. ஸ்காட்லாந்தில் டங்கன் ஃபெர்குசன் 1994-இல் எதிராளியைத் தலையால் முட்டினார், ரெஃபரி அதற்கு அட்டைகூடக் காட்டவில்லை, ஆனாலும் 1995-இல் சிறைக்குப் போனார். அவருக்கு முந்தைய தண்டனைகள் இருந்தன. அதற்கு நேர் எதிராக, ஓர் அமெச்சூர் கால்பந்து ஆட்டத்தில் பந்து வலைக்குள் போனபின் போட்ட டேக்கிளில் எதிராளியின் காலைக் காயப்படுத்தியவரின் தண்டனையை இங்கிலாந்து நீதிமன்றம் 2004-இல் ரத்து செய்தது. ரொம்பக் கொடூரமாக இருந்தால் தவிர கிரிமினல் வழக்கு வேண்டாம், சங்கங்களே நடவடிக்கை எடுக்கட்டும் என்றது. ஆட்டத்தை விட்டு விலகி அடித்த அடி என்றால் போலீஸுக்குப் போங்கள், டேக்கிள் என்றால் போகாதீர்கள்.

கடைசியாக, வழக்கே இல்லாத வழி. நியூஸிலாந்து 1974 ஏப்ரல் 1-இலிருந்து இதை நாடு முழுக்கச் செய்து காட்டுகிறது. ரக்பியில் கழுத்து முறிந்தாலும் மாடிப்படியில் விழுந்தாலும் யார் தப்பு என்று கேட்காமல் சிகிச்சைச் செலவும், வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 80 சதவீதமும் அரசு அமைப்பே கொடுக்கிறது. பதிலுக்கு நஷ்டஈட்டு வழக்குப் போடும் உரிமை இல்லை, தண்டனையாக விதிக்கும் தொகைக்கான சின்னச் சந்து மட்டும் திறந்திருக்கிறது. ரக்பி பைத்தியம் பிடித்த நாட்டுக்கு இது பொருத்தமான ஏற்பாடு. வலிக்கும் வேதனைக்கும் பெரிய தொகை கிடைக்காது என்று குறை சொல்வார்கள், ஆனால் லீமிங்டன்காரர் ஐந்து வருஷம் காத்திருந்ததை நினைத்துப் பாருங்கள். நாடு செய்யாவிட்டால் தனிநபர் விபத்துப் பாலிசி எடுப்பதுதான் அடுத்தது, எடுக்கும்போது போட்டி விளையாட்டுக்குச் செல்லுமா என்று சிறு எழுத்தைப் படிக்க வேண்டும், பல பாலிசிகளில் செல்லாது.

ஆக இங்கிலாந்தில் நண்பர் ஒருவர் கட்டுப்போட்ட காலோடு வந்து கேட்டால் நான் சொல்லும் வரிசை: முதலில் கிளப்பின் பாலிசியில் என்ன கிடைக்கும் என்று பாருங்கள், அடுத்து ரெஃபரியும் நடத்தியவர்களும் எழுதி வைத்த பாதுகாப்பு விதி எதையாவது விட்டார்களா என்று பாருங்கள், அடித்தவருக்குச் சம்பளம் கொடுக்கும் கிளப் இருக்கிறதா என்று பாருங்கள், இவை எதுவும் இல்லாவிட்டால்தான் அடித்தவர். "ஆனா நான் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுட்டேனே" என்பார். அடிபட்டால் நாங்கள் பொறுப்பல்ல என்று கிளப்போ மையமோ வாங்கும் கையெழுத்து, அவர்களுடைய அஜாக்கிரதையால் வரும் சாவுக்கும் காயத்துக்கும் இங்கிலாந்தில் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் அமலுக்கு வந்ததிலிருந்தே செல்லாது. கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் செல்லும், படுமோசமான அஜாக்கிரதைக்கு மட்டும் செல்லாது. வக்கீல் செலவுக்கும் பயப்பட வேண்டாம், ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்கிற வக்கீல்கள் உண்டு, ஆனால் நஷ்டஈட்டில் கால்வாசி வரை அவர்களுக்குப் போகலாம். கெடு மூன்று வருஷம், பதினெட்டு வயதுக்குட்பட்ட பையன் என்றால் அவனுடைய இருபத்தொன்றாவது பிறந்தநாள் வரை. ஆனால் கெடுவை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. ரெஃபரியின் அறிக்கை, யாரோ ஒருவர் போனில் எடுத்த வீடியோ, எதிர் அணி ஆட்களின் பெயர்ப்பட்டியல், இந்த மூன்றையும் ஆட்டம் நடந்த அந்த வாரத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும், சீசன் முடிந்தபின் யாரிடமும் இருக்காது.